தம்பியின் கிண்ணமும் என் கொள்ளிக்கண்ணும்

என் தம்பி சாப்பிடுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, சரவணம்பட்டியில் நான் வேலைக்காகத் தங்கியிருக்கும் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிறான். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற உயரம். எனக்கென்று நான் வாங்கி வைத்திருந்த பிரியாணிப் பொட்டலத்தைக் கேட்காமலே பிரித்தான். முட்டையைக் கடைசிக்கு என்று ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாயாக நிதானமாகத் தின்றான். நடுவில் தலையைத் தூக்கி, நான் பார்க்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குத்தான் என்னை வளர்த்தார்கள்.

எனக்கு ஆறு வயதாகும்வரை பெருந்துறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை. அப்பா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்வந்தார். அம்மா எனக்குச் சோறு ஊட்டுவாள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு எதற்கு ஊட்டல் என்று அத்தை கேட்டால், "இருக்கட்டுங்க, எஞ்சாமி தின்னாப் போதும்" என்பாள். கடைசி வாய் முடிந்ததும் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிடுவாள். தம்பி பிறந்தான். சாமி என்ற சொல்லும் அந்த முந்தானையும் அப்படியே அவனிடம் போய்விட்டன. நான் "ஏ புள்ள" ஆனேன்.

அவன் ஆரோக்கியமாகப் பிறந்திருந்தால் கொஞ்ச நாளில் நானும் ஆறிப்போயிருப்பேன். எல்லா வீட்டிலும் அக்காக்கள் அப்படித்தான் ஆறிப்போகிறார்கள். இவனோ பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, மூச்சு வாங்கி, பாதியில் தூங்கிப் போகிற பிள்ளையாக இருந்தான். சவலை என்றார்கள். டானிக் வாங்கிக் கொடுத்தார்கள், கயிறு கட்டினார்கள். நான்கு வயதிலும் அவனுக்கு இரண்டு வயதுப் பிள்ளையின் சட்டைதான் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கோயமுத்தூருக்குப் போங்கள் என்று அனுப்பினார். இதயத்தில் ஓட்டை இருப்பது அங்கேதான் தெரிந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அம்மா வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் திருப்பித் திருப்பிச் சொன்னதால் எனக்கும் மனப்பாடம். ஓட்டையை அடைத்துவிடலாம். ஆனால் இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, தாங்காது. பத்துக் கிலோவாவது தாண்டட்டும். அதையும் சீக்கிரம் தாண்டட்டும், ரொம்ப நாள் விட்டால் நுரையீரல் கெட்டுப்போய் ஆபரேஷனே செய்ய முடியாமல் போய்விடும். இதைச் சொல்லி முடிக்கும்போது அம்மாவின் குரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உடையும். வந்தவர்கள் தம்பியின் விலா எலும்பைப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் நின்றால் என் கன்னத்தைப் பார்ப்பார்கள். என் கன்னம் அப்போது நன்றாக உப்பலாக இருந்தது, அது என் தப்பா?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த எல்லாமே அவனுடைய எவர்சில்வர் கிண்ணத்தைச் சுற்றித்தான் நடந்தது. முதலில் அம்மா எல்லாவற்றையும் தண்ணீர்விட்டுக் கரைத்துத்தான் கொடுத்தாள், நோஞ்சான் பிள்ளைக்குக் கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்று. ஆஸ்பத்திரியில் இருந்த உணவு ஆலோசகர் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இவன் வயிற்றில் இருப்பதே ஒரு கை அளவு இடம், அதைத் தண்ணீரால் ரொப்பினால் உடம்பில் எது ஒட்டும்? இந்த இதயத்துக்கு அதிகத் தண்ணீரே ஆகாது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, ஒவ்வொரு கிண்ணத்திலும் நெய்யோ எண்ணெயோ சேர்த்துக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான், எங்கள் சமையலறையில் திருவிழா ஆரம்பித்தது.

கடலைக்காயை வறுத்து, தோல் நீக்கி, பொட்டுக்கடலையும் எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை அவனுக்கு. பால்விட்டுக் காய்ச்சி நெய் ஊற்றிய ராகிக் கூழ் அவனுக்கு. முட்டையின் மஞ்சள் கரு அவனுக்கு. ஆனைமலைப் பக்கத்தில் தோப்பு வைத்திருந்த மாமா, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைக் கேன் கேனாகக் கொண்டுவந்து வைத்தார், அதுவும் அவனுக்கு. அரிசிம்பருப்பு சாதம் எனக்கும் உண்டு, அவனுக்கும் உண்டு. அவனுடையதில் நெய் மிதக்கும். எனக்கும் ஒரு கரண்டி என்று தட்டை நீட்டினால், "நீ நல்லாத்தான இருக்கற புள்ள" என்பாள் அம்மா. நல்லா இருப்பதற்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "சாப்பிட்டாச்சுங்களா" என்பதுதான். பஸ்ஸில் பார்த்தாலும் கேட்பார்கள், இழவு வீட்டு வாசலில் பார்த்தாலும் கேட்பார்கள். அந்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் கதவைத் தாண்டுவதற்கு முன்னால் "ஏனுங்க, பையன் சாப்பிட்டானுங்களா" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள், பால்காரர் கேட்டார், போனில் அத்தை கேட்டாள். வாய்தவறியாவது யாராவது என்னைக் கேட்பார்களா என்று நான் வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறேன். ம்ஹூம்.

இவ்வளவு சமைத்தும் அவன் தின்றானா என்றால், இல்லை. நாலு வாய்க்கு மேல் வாயை இறுக்கிக்கொள்வான். அதற்கு அம்மா கண்டுபிடித்த காரணம் கண் திருஷ்டி. பிள்ளை சாப்பிடுவதை நாலு பேர் பார்த்தால் சோறு இறங்காது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அதனால் அவனைப் பின்கட்டு அறையில், சுவரைப் பார்க்க உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு ஊட்டுவாள். யாராவது வந்துவிட்டால் கிண்ணத்தை முறத்தால் மூடிவிட்டு, "இன்னும் இல்லீங்க, இனித்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வருவாள். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, மூடிய அறையில், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை சாப்பிட வேண்டும். நானாக இருந்தாலும் வாயை இறுக்கிக்கொண்டிருப்பேன்.

வெளியாள்களைத் தடுத்தாயிற்று. வீட்டுக்குள் இருக்கிற கண்ணை என்ன செய்வது? என் கண்கள் பெரியவை. கல்யாண வீடுகளில் கண்ணழகி என்று கொஞ்சிய அதே அத்தை ஒருநாள், "இவ பாக்கறத பாரு, சோறு எப்படி இறங்கும்? கொள்ளிக்கண்ணு" என்றாள். அன்றிலிருந்து தம்பிக்குச் சாப்பாட்டு நேரம் வந்தால் நான் வாசலுக்குப் போய்விட வேண்டும். நெய் காய்கிற வாசனை மட்டும் என்னோடு வாசல்வரை வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா அவனுக்குச் சுற்றிப்போட உப்பும் மிளகாயும் எடுத்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள். நான் நின்றிருந்த இடத்தில் குனிந்து, "கொஞ்சம் தள்ளு புள்ள" என்று சொல்லி, என் காலடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யார் கண் பட்டதோ அவர்களுடைய காலடி மண்ணைத்தான் எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுப்பில் மிளகாய் வெடித்தது. எனக்கு இருமல் வந்தது. ஆமாம், நான் பொறாமைக்காரிதான், ஆனால் அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவனுடைய நெய் எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிட்டாளே என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன், அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், அம்மா அவனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு அவசரமாக வாசலுக்குப் போனாள். நான் கொல்லைப்புறமாகச் சுற்றிப்போய்ப் பின்கட்டு ஜன்னலைத் திறந்தேன். உள்ளே தம்பி இரண்டு வாய் தின்ற களைப்பில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணத்தில் கடலை உருண்டையைப் பாலில் பிசைந்து வைத்திருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். என் வாயில் எச்சில் ஊறியது. அவன் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான், மறுபடி என் முகத்தைப் பார்த்தான்.

பிறகு விரல்களை விட்டு ஒரு வாய் அள்ளினான். மெதுவாக வாயில் வைத்தான். மென்றான். என்னிடம் வாயைத் திறந்து காட்டினான். எனக்கு அவனைக் கடித்துவைக்கலாம் போல இருந்தது. இன்னொரு வாய் அள்ளினான். மூச்சு வாங்கியது, நின்றான், இளைப்பாறினான், என் முகம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மறுபடி அள்ளினான். கிண்ணத்தை வழித்து விரலையும் நக்கினான், எமகாதகன்.

அம்மா திரும்பி வந்து காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள், ஜன்னலில் என்னைப் பார்த்தாள். கொல்லைப்புறம் வந்து, "அந்த உசுரு தின்னறதையும் நீ தின்னுபோட்டியா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். "நானில்லம்மா" என்று நான் கத்த, உள்ளேயிருந்து தம்பி, "நாந்தாந் தின்னேன். அக்காளுக்குக் குடுக்கல" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மா அவன் தாடையைப் பிடித்துத் திறந்து, நாக்கில் ஒட்டியிருந்த கடலைத் துணுக்கைப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

அடுத்த முறை கோயமுத்தூர் போனபோது அம்மா கூச்சத்தோடு இதை அந்த உணவு ஆலோசகரிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "சொவத்தப் பாத்துட்டு யாருக்குங்க சோறு எறங்கும்? நாலு பேரோட உக்காந்தாத்தான் கொழந்தைக்குத் திங்கத் தோணும். அக்காளையும் பக்கத்துல உக்கார வெச்சு, அவளுக்கும் ஒரு தட்டுல போடுங்க" என்றார். அவளுக்கும் ஒரு தட்டு என்றதை நான் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன். வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு உறக்கமே வரவில்லை.

மறுநாள் அம்மா இரண்டு தட்டு வைத்து, இரண்டிலும் ஒரே மாதிரி உருண்டை வைத்தாள். நான் என்னுடையதை எடுத்து ஒரு கடி கடித்தேன். தம்பி தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டான். எனக்கும் கிடைத்துவிட்டதென்றால் அப்புறம் அதில் அவனுக்கு என்ன ருசி? அம்மா என் தட்டையும் அவன் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த மிச்சத்தை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு, "அவன் தூங்கினதுக்கப்புறம் தாரேன் கண்ணு. இப்ப நீ சும்மா பாரு" என்றாள். அவன் தூங்கிய பிறகு அவளும் அவன் பக்கத்திலேயே களைத்துத் தூங்கிவிடுவாள். டப்பா மேல் அலமாரியில் இருக்கும்.

இப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஜன்னல் திறந்தது, சுவர் போயிற்று. எந்தக் கண்ணுக்குப் பயந்து காலடி மண் எடுத்தார்களோ அதே கண்ணை எதிரில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். "ஏ புள்ள, வா, தம்பி சாப்பிடறான்" என்று அம்மா கூப்பிடுவாள். நான் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு அவனுடைய நெய்ச் சோற்றைப் பார்ப்பேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பான். பள்ளிக்கூடம் போகும் முன் ஒருதரம், வந்ததும் ஒருதரம், விளக்கு வைத்த பிறகு ஒருதரம். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை, உள்ளே இருந்தது தாராளமாக முகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரித் தராசில் முள் நகர ஆரம்பித்தது. டாக்டர் அம்மாவைப் பாராட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பத்துக் கிலோவுக்கு இன்னும் கொஞ்சம்தான் குறை என்று இருக்கும்போது ஒரு விபரீதம் நடந்தது. அம்மா துணி துவைக்கப் போயிருந்த நேரம், அவனுக்கு எடுத்து வைத்திருந்த ராகிக் கூழில் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் நாக்கெல்லாம் வழவழவென்று ஒட்டியது. அதற்கு மேல் நெய். குமட்டிக்கொண்டு வந்தது. இதற்கா இத்தனை நாள் ஏங்கினேன் என்று எனக்கே கோபம். அன்று சாயங்காலம் அவன் எதிரில் உட்கார்ந்தபோது எனக்குள் ஒன்றுமே இல்லை, பாவம் என்றுகூடத் தோன்றியது. தம்பி என் முகத்தை ஒரு நொடி பார்த்தான். "அக்கா பாக்கல" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான்.

பார்க்கிறேன் என்று கண்ணை உருட்டினேன். உதட்டை நக்கிக் காட்டினேன். அந்தத் திருடனை ஏமாற்ற முடியவில்லை. மறுநாளும் அப்படியே. தராசு முள் நின்றது, போன முறைக்கு ஒரு துளி பின்னால்கூட வந்தது. இனி தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொன்னதாக அப்பா மெதுவான குரலில் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. என் பொறாமை தீர்ந்துபோய், அதனால் இவன் செத்துப்போவானா?

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தேன். சோற்றை விரலால் மசித்து, சின்ன உருண்டையாக்கி, ஊதி, "ஆ காட்டு சாமி, எங் கண்ணல்ல" என்று அவன் உதட்டருகில் கொண்டுபோகிற கை. அவன் ஒரு வாய் வாங்கியதும் முந்தானையை விரலில் சுற்றி அவன் கடைவாயைத் துடைத்தாள். நெய்யும் வேண்டாம், உருண்டையும் வேண்டாம், அந்த முந்தானை எனக்கு வேண்டும். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியாது. தம்பி அதைப் பார்த்தான். நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

அதற்குப் பிறகு எனக்குச் சரக்குத் தீரவே இல்லை. பத்தைத் தாண்டினான், நாள் குறித்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஓட்டையை அடைத்துவிட்டார்கள், இனிப் பயமில்லை, சாப்பிட்டுத் தேற வேண்டியதுதான் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று காலையிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை. அம்மா கெஞ்சினாள். நர்ஸ் கொஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் ஒன்றும் இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அப்பா மருந்துக்கும் பில்லுக்கும் மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நான் விடிந்ததிலிருந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, "ஏனம்மணி, தம்பி சாப்பிட்டானா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வறண்டுவிட்டது.

வார்டுக் கதவு திறந்தது. அம்மா தலைகலைந்து நின்றிருந்தாள். "வா புள்ள. வந்து நில்லு" என்றாள்.

சின்னப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். நர்ஸ் யாரிடமோ கேட்டு, என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, தலைக்குக் குல்லாவும் வாய்க்கு முகமூடியும் மாட்டி அனுப்பினார். முகத்தில் கண் மட்டும்தான் வெளியே இருந்தது. தம்பி நெஞ்சு முழுக்கக் கட்டோடு, ஒரு கையில் ஊசிக் குழாயோடு, தலையணையில் சாய்ந்திருந்தான். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தேன். அம்மா கரண்டியில் கெட்டிக் கஞ்சியை எடுத்தாள். அவன் என் கண்ணைப் பார்த்தான். வாய் திறந்தது.

ஒரு வாய் இறங்கியது. அம்மா முந்தானையால் துடைத்தாள். இரண்டாவது வாயும் இறங்கியது. மூன்றாவது கரண்டியை அவன் கையால் தடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டான். குரல் தேய்ந்துபோயிருந்தது.

"நீ சாப்புட்டியாக்கா?"

"சாப்பிட்டேன்" என்றேன்.

"அப்பறம் ஏன் இப்பிடிப் பாக்கற?"

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அதைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் திரும்பி, முகமூடிக்கு மேலே இருந்த என் கண்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, முகமூடியை இறக்கி, என் கன்னத்தைத் தொட்டாள். "எஞ்சாமி, விடிஞ்சதுல இருந்து நீ ஒண்ணுமே திங்கலையா?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள்.

கட்டிலில் கிண்ணம் நகரும் சத்தம் கேட்டது. தம்பி அதைத் தன் மடியில் இழுத்து வைத்திருந்தான். எங்கள் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டே, ஊசி குத்தாத கையால் கரண்டியைப் பிடித்து, யாரும் ஊட்டாமல் தானாகவே தின்ன ஆரம்பித்தான்.